பலகையில் கடைசிப் பெயர்

ஐயா,

வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குத் தபால் போட்டிருக்கிறாள் என்று பதறாதே. நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். நானும் சுருக்கிவிடுவேன். சுருக்கினால் இது வேறு விஷயமாகிவிடும். அதனால் சாத்தூரில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து, மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன செய்தியிலிருந்துதான் இது தொடங்கியது. பெங்களூரில் சேர்ந்து இரண்டு வருஷத்துக்குள் உன்னைப் பன்னிரண்டு பேருக்கு டீம் லீடராகப் போட்டிருக்கிறார்கள் என்றதும், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. அப்புறம் நீ இன்னொன்றும் சொன்னாய். அடுத்த மாதம் முதல் உங்கள் அறையில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, யார் எத்தனை போன் பேசி முடித்தார்கள் என்று பெயரோடு வரிசையாகப் போடப்போகிறீர்கள். அது உன் யோசனை. மேலே இருப்பவர்கள் பாராட்டினார்கள். நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து "எம்மா, கேக்குதா?" என்று கேட்டாய். கேட்டது, ஐயா.

அந்த டிவியை வைக்காதே என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும், முழுக்கத் தெரியாது. மனுஷ மனசு எதைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் எனக்கு எப்போதுமே ஒரு குறுகுறுப்பு உண்டு. பத்தாவதுக்கு மேல் படிக்காதவள், இதைப் பற்றிப் புத்தகம் எதையும் படித்தவளும் இல்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பதினேழு வருஷம் கண்ணால் பார்த்ததுதான் என் படிப்பு. அதில் ஒரு பகுதியை உன்னிடம் மறைத்துவைத்திருக்கிறேன். அதைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது.

நீ ப்ளஸ் ஒன் படிக்க விருதுநகர் ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம், தீபாவளி சீசனுக்கு எங்கள் முதலாளி சிவகாசி ரோட்டில் சொந்தமாக ஒரு கடை போட்டார். காரில் வந்து மொத்தமாக வாங்கிப் போகிற வெளியூர்க்காரர்களுக்கான கடை. நான் அப்போது பேக்கிங் பகுதியில் முப்பது பெண்களுக்கு சூப்பர்வைசர். சரக்கு தெரிந்தவள் என்று என்னைப் பதினைந்து நாள் அங்கே உட்காரவைத்தார்கள். கடையில் இரண்டு விதமான கிஃப்ட் பாக்ஸ் இருந்தது. இரண்டிலும் அதே இருபத்தோரு அயிட்டம், அதே விலை. ஒன்று கச்சிதமான பெட்டி. இன்னொன்று பெரிய பெட்டி, அடியில் அட்டையை மடித்துவைத்துச் சரக்கை மேலே தூக்கிக் காட்டியிருப்போம். இரண்டையும் கட்டியது என் கைதான். மதுரையிலிருந்து மனைவியோடு வந்த ஒருவர் பெரிய பெட்டியை எடுத்தார். மனசு கேட்காமல், இரண்டிலும் ஒரே சரக்குதான் என்று நான் உண்மையைச் சொன்னேன். அவர் இரண்டையும் திறந்து பார்த்தார், அயிட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார், நான் சொன்னது சரி என்று சிரித்தார். பிறகு பெரிய பெட்டியையே காரில் வைத்தார். "இது பாக்கப் பெருசா இருக்குல்ல" என்றார். அவர் ஏமாறவில்லை, ஐயா. தெரிந்தேதான் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு முழுக்க எனக்கு அந்த நினைப்பாகவே இருந்தது.

சின்னப் பெட்டிகள் அப்படியே தேங்கிக் கிடந்தன. ஒரு காலையில் அட்டை ஒன்றில் 'இன்று கடைசி இருபது பெட்டி' என்று எழுதி அவற்றின் மேல் நிறுத்தினேன். மத்தியானத்துக்குள் அத்தனையும் போயின. மறுநாளும் அதையே எழுதி நிறுத்தினேன். அது பொய்தான். ஆனாலும் ஒரு வரி எழுத்துக்கு இவ்வளவு பலமா என்ற ஆச்சரியத்தில் அது எனக்குப் பொய்யாகவே தோன்றவில்லை. வேடிக்கையைக் கேள். அடுத்த வாரம் சாத்தூர் ஜவுளிக்கடையில் ஒரு கத்தரிப்பூ நிறப் புடவையைக் காட்டி, இந்தக் கலரில் இதுதான் கடைசிப் பீஸ் என்றான் விற்கிறவன். வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. எனக்குப் பிடிக்காத நிறம். உன் அத்தைக்குக் கொடுத்துவிட்டேன். வித்தை தெரிந்தவளுக்கும் அந்த வித்தை பலிக்கிறது. அது ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

கடையில் நான் செய்ததைக் கேள்விப்பட்ட மேனேஜர், பொங்கலுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். வடக்கே அனுப்ப வேண்டிய ஆர்டர் பிந்திக்கொண்டிருந்தது. பேக்கிங்கை வேகப்படுத்த உங்களுக்கு எதுவும் தோன்றுகிறதா என்று கேட்டார். எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்துக் கரும்பலகை மாதிரி ஒன்றை வாங்கிவரச் சொல்லி, பதினோரு மணி, ஒரு மணி, நாலு மணி என்று மூன்று வேளை, யார் எத்தனை பெட்டி கட்டினார்கள் என்று பெயரோடு வரிசையாக எழுதினேன். அதற்காகக் கூலியில் ஒரு காசு கூடுதலாக இல்லை. வெறும் சாக்பீஸ் எழுத்து. முதல் வாரம் ஷெட்டில் ஒரே சிரிப்பு. பெயர் மேலே ஏறியவளை மற்றவர்கள் கேலி செய்தார்கள், இறங்கியவள் நாளைக்குப் பார் என்று சவால் விட்டாள். நாலு மணி லோடு மூன்று மணிக்கே லாரி ஏறியது. மாதக் கூட்டத்தில் முதலாளி என் பெயரைச் சொல்லி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். எனக்காக அத்தனை பேர் கைதட்டியதை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தச் சத்தம் என் காதிலேயே இருந்தது.

இரண்டாவது மாதத்தில் சில மாற்றங்கள் தெரிந்தன. மத்தியானம் காலியாகிவிடும் குடிதண்ணீர்ப் பானை சாயங்காலம்வரை நிறைந்தே இருந்தது. எழுந்து போனால் எண்ணிக்கை குறையும் என்று யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. முன்பெல்லாம் தன் வேலை முடிந்தவள் பக்கத்தில் இருப்பவளுக்கு அட்டை மடித்துக் கொடுப்பாள். அது நின்றுபோனது. இரண்டு சரம் குறைகிறது, சக்கரமே இல்லை என்று பெட்டிகள் திரும்பி வந்தன. நான் இத்தனையையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, போகப் போகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் மட்டும் பலகையில் இல்லை, நானும் ஒரு பலகையில் இருந்தேன். முதலாளியின் கூட்டத்தில் என் பெயர் கீழே இறங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் மேனேஜர், மருந்து ரூம்களுக்கும் ஒரு பலகை வேண்டும் என்றார். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில், போகிற வருகிற எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்ட வேண்டும் என்றார். நீ உள்ளே வந்ததில்லை, அதனால் சொல்கிறேன். வெடிமருந்து அடைக்கிற ரூம்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். கொஞ்சம் மருந்தைத்தான் எடுத்துவர வேண்டும், அது தீர்ந்ததும் எழுந்து நடந்துபோய் மறுபடி கொஞ்சம் எடுத்துவர வேண்டும். அந்த நடைதான் அவர்களுக்குக் காவல். வேகத்தை எண்ணிப் பெயர் எழுத ஆரம்பித்தால் முதலில் குறையப்போவது அந்த நடைதான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. அங்கே வேண்டாம் சார் என்ற வார்த்தை நாக்குவரை வந்தது. நான் சொன்னது வேறு. யார் எழுதுவது என்று கேட்டேன். இது உங்கள் யோசனைதானே, நீங்களே எழுதுங்கள் என்றார். எழுதினேன்.

முருகேஸ்வரியை உனக்குத் தெரியாது. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருவாள். பூச்சட்டிக்கு மருந்து அடைப்பது அவள் வேலை. நாலு வருஷத்தில் அவள் அடைத்த பூச்சட்டி சரியாக எரியவில்லை என்று ஒரு புகார்கூட வந்ததில்லை. நிதானமான கை. நிதானமான கை என்றால் பலகையில் கடைசிப் பெயர். முதல் இரண்டு வாரமும் அவள் பெயரைக் கடைசியாக எழுதினேன். எழுதுகிறபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, யாராவது ஒருவர் கடைசியில் இருக்கத்தானே வேண்டும். மூன்றாவது வாரம் அவள் பெயர் ஏற ஆரம்பித்தது. பரவாயில்லையே முருகேஸ்வரி என்றேன். சிரித்தாள். நாலு வருஷமாக மாறாத கை எப்படித் திடீரென்று வேகமெடுத்தது என்று கேட்டிருக்க வேண்டியது என் வேலை. நான் கேட்கவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் பெயரை முதலாவதாக எழுதிவிட்டு, சாக்பீஸைத் துடைத்துக்கொண்டு பேக்கிங் ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. பெரிய ஜமுக்காளத்தை உதறிய மாதிரி ஒரு சத்தம், பிறகு புகை. ஓடினோம். அந்த ரூமிலிருந்து மூன்று பேர் வெளியே வந்து விழுந்து கிடந்தார்கள். அவள் கடைசியாக வந்தாள், வலது கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு. நாலு நடைக்கு எடுக்க வேண்டிய மருந்தை ஒரே நடையில் எடுத்துவந்து பக்கத்தில் வைத்திருந்திருக்கிறாள். மருந்துத் தட்டை இழுத்தபோது உரசிப் பற்றிக்கொண்டது. கதவுகள் எல்லாம் திறந்திருந்ததால் உயிர்கள் தப்பின. அவளுக்கு விரல் நுனியிலிருந்து கழுத்துவரை தீக்காயம். மதுரையில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். விசாரிக்க அதிகாரி வந்தபோது பலகையைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் அவசரப்பட்டு அளவுக்கு மேல் மருந்தை அள்ளி வைத்துக்கொண்டது என்று மேனேஜர் சொன்னார். அதிகாரி என் பக்கம் திரும்பி, "நீங்கதான சூப்பர்வைசர்? அப்படித்தானா?" என்று கேட்டார். அவருக்குப் பலகையைப் பற்றித் தெரியாது. சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான். "ஆமா சார்" என்றேன். அவள் ஏன் அவசரப்பட்டாள் என்று அவர் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து வேலையை விட்டேன். உன்னிடம் முழங்கால் வலி என்றேன். எனக்கு முழங்கால் வலித்ததே இல்லை.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இப்போது பேசுவதற்கு நீயும் ஒரு காரணம். போன தீபாவளி லீவுக்கு வந்தபோது இருக்கன்குடியில் மொட்டை போட்டாயே, அந்தப் போட்டோவை சாத்தூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இண்டர்நெட்டில் ஏற்றினாய். நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நண்பர்கள் எல்லாம் சேர்ந்திருக்கிற இடம் என்றாய், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்ப்பார்கள் என்றாய். எனக்கு அதிசயமாக இருந்தது. சாயங்காலம் மறுபடி போய், பதினாறு பேர் எழுதியிருக்கிறார்கள் என்று சிரித்த முகத்தோடு வந்தாய். மறுநாள் இரண்டு தடவை போனாய். மூன்றாம் நாள், உன்னோடு படித்த பையன் ஒருவன் போட்ட படத்துக்கு நாற்பது பேர் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்துவிட்டாய். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், ஐயா. நாலு மணிக்குப் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேனுக்கு நடக்கிற பெண்களின் முகம் அது. பதினாறு பேர் உன்னை நினைத்து எழுதியிருந்தார்கள். அந்த நாற்பதைப் பார்க்கிறவரை பதினாறு உனக்குப் போதுமானதாக இருந்தது. எண்ணிக்கை ஒன்றை எதிரே வைத்துவிட்டால், கையில் இருப்பது ஏன் சிறுத்துப்போகிறது? உன்னைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன் முருகேஸ்வரியைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவள் இப்போது இருக்கன்குடியில், கோயிலுக்குப் போகிற வழியில் தேங்காய் பழத் தட்டு விற்கிறாள். இந்த ஆறு வருஷத்தில் இரண்டு தடவை அவளைத் தூரத்தில் பார்த்துவிட்டு வேறு வழியாகச் சுற்றிப் போயிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை நேராகப் போய் அவள் முன்னால் நின்றேன். "வாங்கக்கா, எம்புட்டு நாளாச்சு" என்று தன் ஸ்டூலை எனக்குப் போட்டுவிட்டு அவள் ஒரு சாக்கில் உட்கார்ந்தாள். வலது கையில் மூன்று விரல் மடங்காது. இடது கையால் தட்டுகளை அடுக்கினாள். உன்னைப் பற்றிச் சொன்னேன், நீ வைக்கப்போகிற டிவியைப் பற்றிச் சொன்னேன். அதிகாரி கேட்டபோது நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அவள் தட்டு அடுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா. ஆஸ்பத்திரில இருக்கும்போதே வந்து சொன்னாக. நீங்களா ஒரு நாள் வந்து சொல்லுவீகளான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். ஆறு வருஷமா என்று கேட்டேன். முதலில் கோபமாக இருந்ததாகவும், பிறகு அதுவும் போய்விட்டதாகவும் சொன்னாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவளைப் பற்றி உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். பெயரைப் போட்டே எழுதுங்கள் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, அன்றைக்குப் பதினோரு மணிக்கு அவள் பெயர்தான் முதலில் இருந்தது, அதையும் சேர்த்து எழுதச் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. அந்த முதல் இடத்துக்காகவா கையைப் பறிகொடுத்தாய் என்று என்னை மீறிக் கேட்டுவிட்டேன்.

"மொதல்ல வரணும்னு நான் நெனைக்கவே இல்லக்கா. ஒரு நாள் சோத்துத் தூக்குவாளிய மறந்துட்டு வந்துட்டேன். பள்ளிக்கூடம் லீவு. எம் மக எடுத்துக்கிட்டு கேட்டுக்கு வந்துச்சு. அப்பத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகின புள்ள. பலகையில மேல இருந்து ஒவ்வொரு பேராப் படிச்சு, கடைசில எம் பேர வாசிச்சுச்சு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிச்சுச்சு. பெறகு எம் மொகத்தப் பாத்துச்சு. அவ்வளவுதான்."

அந்த மகள் இப்போது எட்டாவது படிக்கிறாள். அந்தச் சமயம் யாரோ தட்டு வாங்க வந்தார்கள், அவள் எழுந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தேன். பலகையைப் பற்றி இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். மேலே ஏறுகிற ஆசைதான் மனுஷரை ஓட்டுகிறது என்று நினைத்திருந்தேன். அவள் ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. கீழே கிடப்பதை ஒரு ஆள் பார்த்துவிட்டதுதான் அவளை ஓட்டியிருக்கிறது. பலகையை எழுதியவளுக்கு அது தெரியாமல் போனது, ஏனென்றால் நான் மேலேயிருந்து எழுதுவேன். கடைசிப் பெயருக்கு வருவதற்குள் என் கவனம் தீர்ந்துபோயிருக்கும்.

உன் ஆபீசில் மருந்து இல்லை, நெருப்பு இல்லை. டிவியால் யாருக்கும் கை வெந்துபோகாது என்று நீ சொல்லலாம். சரிதான். உங்கள் வேலையில் எது அந்த நடை, எதை முதலில் விடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ டிவியை வைத்தாலும் சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும் சரி. வைத்தால் என்ன நடந்தது என்று விவரமாக எழுது, நான் ஆசையாகப் படிப்பேன். ஆனால் ஒன்று செய். உன் பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவதாக வரப்போகிறவர் யார் என்று இப்போதே உனக்குத் தெரிந்திருக்கும். அந்த டிவியைப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் அவரோடு போய் டீ குடித்துவிட்டு வா. வேலையைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேள்.

அம்மா